‘ஆம்ப் போச்சு சார்!’ - அளந்து பார்த்தீங்களா?

கார் ஆடியோ கடைகள்ல அதிகமா விக்கிற சரக்கு எதுன்னு கேட்டா, ஆம்ப்ளிஃபயரும் இல்ல, சப்வூஃபரும் இல்ல. ஒரு வாக்கியம். "ஆம்ப் போச்சு சார், புதுசு போட்டுடலாம்."

டிக்கியில இருக்கிற ஊஃபர் அடிக்கலையா? ஆம்ப் போச்சு. பாட்டு நடுவுல கட் ஆகி, ரெண்டு செகண்ட் கழிச்சு மறுபடி வருதா? ஆம்ப் போச்சு. ஆம்ப்ல சிவப்பு லைட் எரியுதா? சந்தேகமே வேணாம், போயே போச்சு. ஆம்ப் போகலைன்னா ஊஃபர் போச்சு. ரெண்டும் போகலைன்னா, "கரண்ட் பத்தல சார், ஒரு கெப்பாசிட்டர் போட்டுடலாம்." எந்தத் தெரு வழியா சுத்தினாலும் போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான். பில்லு.

என்னடா இவன், பி.காம் படிக்கிற பய, போன வாரம் வரைக்கும் ஜி.எஸ்.டி பத்தி மொக்கை போட்டுட்டு இருந்தான், திடீர்னு வோல்ட்டு, வாட்டுன்னு ஆரம்பிச்சுட்டானேன்னு பாக்கறீங்களா? பயப்படாதீங்க மக்கா. இதுவும் கணக்குப் பாடம்தான். ஆடிட்டிங் பேப்பர்ல முதல் வாரமே சொல்லிக் கொடுக்கறது என்ன? வவுச்சர் இல்லாம எந்தச் செலவையும் ஒத்துக்காதே. "ஆம்ப் போச்சு"ங்கறது ஒரு என்ட்ரி. ஏழாயிரம், எட்டாயிரம் ரூபா மதிப்புள்ள சொத்தை ஒரே வரியில கணக்கை விட்டுத் தூக்கற என்ட்ரி. அதுக்கு வவுச்சர் எங்கே?

வவுச்சர்னா இங்கே ஒரு எண். மல்டிமீட்டர் காட்டற எண். இத்தனை வோல்ட் வருது, இத்தனை ஓம் காட்டுதுன்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா? ஆம்ப் மாத்தின நண்பர்கள் எத்தனையோ பேர்கிட்ட கேட்டுட்டேன். "காதை வச்சுக் கேட்டாரு, கையால தொட்டுப் பாத்தாரு, போச்சுன்னாரு"ங்கற பதில்தான் வருது. டாக்டரா, குறி சொல்றவரா?

அதனால இந்தப் பதிவோட சாரத்தை இப்பவே சொல்லிடறேன். அவசரக்காரங்க இதோட எழுந்து போகலாம். அளக்காம மாத்தறதுக்குப் பேர் ரிப்பேர் இல்ல, விற்பனை. அந்த விற்பனை நடக்கறதுக்குக் கடைக்காரர் மட்டும் காரணம் இல்ல. நாமளும்தான்.

*

முதல்ல, இது ஏன் இவ்ளோ சுலபமா நடக்குதுன்னு பார்ப்போம்.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வச்சு ஒரு கட்டுரை எழுதினார். விக்கறவனுக்குத் தெரிஞ்சது வாங்கறவனுக்குத் தெரியாதுன்னா, நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, நல்ல சரக்கே சந்தையை விட்டுப் போயிடும்ங்கறது அதோட சாரம். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து கொடுத்தாங்க. ஆனா பழைய கார்லயாவது ஒரு ஆறுதல் இருக்கு. வாங்கி ஆறு மாசம் ஓட்டினா அது டப்பாவா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

ரிப்பேர் அதை விட மோசம். 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னின்னு ரெண்டு பேர் இதைப் பத்தி எழுதினாங்க. சில சேவைகள் இருக்கு, வாங்கின பிறகு கூட அது தேவையா இருந்ததா இல்லையான்னு வாங்கினவனுக்குத் தெரியாது. நோயைச் சொல்றவரும் மருந்தை விக்கறவரும் ஒரே ஆள். நம்பித்தான் ஆகணும். நம்பிக்கைச் சரக்குன்னு வச்சுக்கலாம்.

கார் ஆடியோவுல இது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. பழைய ஆம்பைக் கழட்டறாங்க. புதுசு மாட்டறாங்க. மாட்டும்போது என்ன நடக்குது? ப்ளஸ் வயரைப் புதுசா சீவி ஸ்க்ரூவுல இறுக்கறாங்க. எர்த் வயரை இறுக்கறாங்க. ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகறாங்க. ஸ்பீக்கர் வயரைப் புதுசா முறுக்கறாங்க. ஊஃபர் தடதடன்னு அடிக்குது. "பாத்தீங்களா சார், ஆம்ப்தான்!"

இல்லண்ணே. மாத்தினதால சரியாச்சா, மாத்தும்போது சரியாச்சா? ரெண்டும் வேற வேற. லூஸா இருந்த ஒரு ஸ்க்ரூவை இறுக்கினதுக்கு ஏழாயிரம் ரூபா பில் போட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது. பழைய ஆம்பை வேற "கடையிலேயே விட்டுட்டேன்"னு கையை வீசிட்டு வந்துடறோம். அப்ப சாட்சியும் காலி.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு பெரியவங்க சொன்னாங்க. நம்ம ஊர்ல எர்த் இருக்க ஆம்பை நோகறாங்க. (அடிக்க வராதீங்க.)

*

என் தாய்மாமா விஷயத்தைச் சொல்றேன். துணி வியாபாரம். மாசத்துல இருபது நாள் கார்லதான் இருப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹைவேயில தூக்கம் வராம இருக்கறதுக்கு அவருக்கு இருக்கற ஒரே துணை பாட்டுதான். அவர் கார்ல சவுண்டு ஏத்தினா சப் கட் ஆகும், குறைச்சா திரும்ப வரும்.

கடையில (எந்தக் கடைன்னு கேக்காதீங்க, பேர் முக்கியமில்ல) ஆம்ப் போச்சுன்னாங்க. 6,800 ரூபா. பத்து நாள் நல்லா இருந்துச்சு. மறுபடியும் அதே கதை. ஊஃபர் போச்சுன்னாங்க. 4,500. ஒரு வாரம். கரண்ட் பத்தலைன்னாங்க. கெப்பாசிட்டர், 2,200. ஆக மொத்தம் 13,500. சப் இன்னும் கட் ஆகிட்டுத்தான் இருந்துச்சு.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர்ல ஏதோ நோண்டிட்டே இருப்பியே, என்னன்னு பாரேன்"னார். 250 ரூபா மல்டிமீட்டரோட போனேன். இன்ஜின் ஓடும்போது, பாட்டு இல்லாம, ஆம்ப் முனையில 14.1 வோல்ட். அருமை. அப்புறம் 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ணைப் போட்டு சவுண்டு ஏத்தினோம். ஆம்ப் முனையில 10.6. அதே நேரத்துல பானெட்டுக்குக் கீழே பேட்டரியில 13.8.

பி.காம் காரனுக்கு இதைப் பார்த்ததும் என்ன ஞாபகம் வரும்? பேங்க் ரிகன்சிலியேஷன்! கேஷ் புக்ல 13.8, பாஸ் புக்ல 10.6. நடுவுல 3.2 காணோம். எங்கே போச்சு? கண்டுபிடிக்க ரெண்டே வழி, ஏன்னா கரண்ட் போறதுக்கு ஒரு வயர், வர்றதுக்கு ஒரு பாதை. பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் ஆம்ப் ப்ளஸ்ஸுக்கும் நடுவுல அளந்தோம் (மீட்டர் கம்பி எட்டாது, ஒரு நீள வயரைச் சேர்த்துக்கணும்). 0.5 வோல்ட். ஆம்ப் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல அளந்தோம். 2.7. கணக்கு டேலி ஆயிடுச்சு.

டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தா, எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே வச்சு ஒரு ஸ்க்ரூ முடுக்கியிருக்காங்க. அந்தப் பெயின்ட்டுக்கு நடுவுல கிடைச்ச துளி இடத்துலதான் மொத்தக் கரண்டும் போயிட்டு இருந்துச்சு. ஆம்ப் 30 ஆம்பியர் இழுத்தா, 2.7-ஆல பெருக்குங்க, 81 வாட்ஸ். மூணு சால்டரிங் அயர்னோட சூடு, ஒரு ஸ்க்ரூவுல, டிக்கி விரிப்புக்கு அடியில!

உப்புத்தாள் பத்து ரூபா. பெயின்ட்டைச் சுரண்டி, பல்லு வாஷர் ஒண்ணு போட்டு இறுக்கினோம். எர்த் பக்கம் 0.1 ஆச்சு. ஆம்ப் முனையில 13.1. சப் அதுக்கப்புறம் கட் ஆகவே இல்ல.

இப்ப சொல்லுங்க. 13,500 ரூபாய்க்கு மூணு பொருளை மாத்தினவங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மீட்டரை வச்சிருந்தா? மாமாவோட முதல் ஆம்ப் இன்னிக்கு யார் கார்ல அடிச்சிட்டு இருக்கோ!

*

"எல்லாருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தெரியுமா?"ன்னு கேப்பீங்க. தெரிய வேணாம். ஆம்பைத் திறக்கச் சொல்லல. வெளியே இருக்கற ஸ்க்ரூக்களைத் தொட்டு ஒரு எண்ணைப் படிக்கணும். சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட்லயோ, உங்க ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலயோ மஞ்சள் கலர்ல ஒரு மீட்டர் கிடைக்கும். அது போதும். கடையில சொல்ற வசனத்தையும் மீட்டர் சொல்ற பதிலையும் பக்கத்துல பக்கத்துல வைக்கறேன், பாருங்க.

ஒண்ணு. வசனம்: "ஆம்ப் ஆன் ஆகல, போச்சு."

ஆம்ப்ல மூணு முனை இருக்கும். ப்ளஸ், எர்த், ரிமோட். மீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. கருப்பு முனையை எர்த்லயும் சிவப்பு முனையை ப்ளஸ்லயும் வைங்க. (ப்ளஸ் மேல வச்ச முனை பக்கத்து இரும்புல படாம பாத்துக்கோங்க.) இன்ஜின் ஆஃப்ல 12.4-லிருந்து 12.7 வரணும். ஒண்ணுமே வரலையா? பேட்டரி பக்கத்துல இருக்கற ஃபியூஸைப் பாருங்க. அப்புறம் எர்த்தைப் பாருங்க. ப்ளஸ்ல வருது, ரிமோட்ல வரலையா? ஸ்டீரியோவை ஆன் பண்ணும்போது அங்கே 12 வோல்ட் கிட்டே வரணும், ஆஃப் பண்ணினா பூஜ்யம் ஆகணும். வரலைன்னா கோளாறு ஸ்டீரியோ பக்கத்துல, இல்ல நடுவுல இருக்கற அந்த மெல்லிசு வயர்ல. மூணும் சரியா வந்து, ஆம்ப்லயே இருக்கற ஃபியூஸும் நல்லா இருந்து, அப்பவும் ஆன் ஆகலைன்னாதான் ஆம்ப் மேல கை வைக்கணும். மூணு அளவு, ரெண்டு ஃபியூஸ். அஞ்சு நிமிஷ வேலை.

ரெண்டு. வசனம்: "சிவப்பு லைட் எரியுது, உள்ளே ஐசி போச்சு."

அந்த லைட்டுக்குப் பேரே ப்ரொடெக்ட். தன்னைக் காப்பாத்திக்கறதுக்காக ஆம்ப் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கு. எதுகிட்டேயிருந்துன்னு கண்டுபிடிக்கணும். ஸ்டீரியோவை ஆஃப் பண்ணிட்டு ஊஃபர் வயர் ரெண்டையும் கழட்டுங்க. திரும்ப ஆன் பண்ணுங்க. லைட் போயிடுச்சா? கோளாறு ஊஃபர்ல, இல்ல அதுக்குப் போற வயர்ல. போகலையா? ஆர்சிஏவையும் பிடுங்குங்க. ப்ளஸ், எர்த், ரிமோட் மூணு மட்டும் இருக்கு, வோல்ட்டேஜும் சரியா இருக்கு, அப்பவும் சிவப்பா? சரி, இப்ப சொல்லலாம், ஆம்ப் போச்சு. இதுதான் வவுச்சர்.

மூணு. வசனம்: "ஊஃபர் எரிஞ்சு போச்சு."

இருக்கலாம். அளக்கறது ரொம்பச் சுலபம். வயரைக் கழட்டிட்டு, மீட்டரை 200 ஓம்ல வச்சு, முதல்ல மீட்டரோட ரெண்டு முனையையும் ஒண்ணா சேருங்க. 0.3-ன்னு ஏதோ காட்டும். அது மீட்டர் வயரோட கணக்கு, கழிச்சுக்கோங்க. அப்புறம் ஊஃபர் முனைகள்ல வைங்க. 4 ஓம் காயில்னா 3-க்கு மேல, 4-க்குக் கொஞ்சம் கீழே காட்டும். காயில் நல்லா இருக்கு. எண்ணே வராம ஓரத்துல 1 மட்டும் நின்னா காயில் அறுந்துடுச்சு. 1 ஓமுக்கும் கீழே காட்டினா ஷார்ட். கடைசியா, கோனை ரெண்டு கையாலயும் மெதுவா, நேரா உள்ளே அமுக்கிப் பாருங்க. கரகரன்னு உரசினா காயில் சூட்டுல வீங்கியிருக்கு.

இதுல இன்னொரு தில்லுமுல்லு இருக்கு. டபுள் காயில் ஊஃபர். ஒவ்வொரு காயிலும் 4 ஓம். ரெண்டையும் பேரலலா இணைச்சா 2 ஓம். சீரிஸ்ல 8 ஓம். ஆம்பை பிரிட்ஜ் பண்ணி ஓட்டினா 4 ஓமுக்குக் கீழே போகாதேன்னு நிறைய ஆம்ப்ல போட்டிருக்கும். அதுல 2 ஓமை மாட்டி, சவுண்டு ஏத்தினா ஆம்ப் சூடாகி சாத்திக்கும். ஆறினதும் திறக்கும். அதுவும் "ஆம்ப் போச்சு" கணக்குலதான் எழுதப்படுது. புது ஆம்ப் போட்டாலும் அதே வயரிங், அதே கதை. இணைப்பை மாத்தணும், பொருளை இல்ல.

பேஸே இல்லாம சவசவன்னு இருக்கா, ரெண்டு ஊஃபர் வச்சிருக்கீங்களா? ஒண்ணோட ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். ஒண்ணு காத்தை வெளியே தள்ளும்போது இன்னொண்ணு உள்ளே இழுக்கும். ரெண்டும் சேர்ந்து ஒண்ணும் பண்ணாது, எங்க காலேஜ் ரெண்டு சங்கங்கள் மாதிரி. :-) ஆம்ப்லேருந்து வயரைக் கழட்டிட்டு, ரிமோட்ல போடற 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்க. ப்ளஸ்ல ப்ளஸ் பட்டா கோன் வெளியே வரணும்.

நாலு. வசனம்: "ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா ஙொய்ங்குதா? நல்ல பிராண்டு ஆம்பா போட்டுடுங்க."

இன்ஜின் வேகத்தோட ஏறி இறங்கற சத்தம் ஆல்டர்னேட்டர்லேருந்து வருது. அது ஆம்புக்குள்ள நுழையற வழியைத்தான் அடைக்கணும். ஆம்ப்லேருந்து ஆர்சிஏவைப் பிடுங்குங்க. சத்தம் நின்னுடுச்சா? அப்ப அது ஆர்சிஏ வழியா, ஸ்டீரியோ பக்கத்துலேருந்து வருது. பெரும்பாலும் ஸ்டீரியோவுக்கு ஒரு இடத்துல எர்த், ஆம்புக்கு வேற இடத்துல எர்த், ரெண்டுக்கும் நடுவுல சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம், அது ஆர்சிஏவோட வெளிக்கம்பி வழியா ஓடுது. எர்த்தைச் சரி பண்ணினா போயிடும். பத்தாயிரம் ரூபா ஆம்பும் இதே எர்த்ல இதே ஙொய்தான் பாடும்.

அஞ்சு. வசனம்: "ஹெட்லைட் மங்குதா? கெப்பாசிட்டர்!"

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர், நீல லைட், டிஜிட்டல் மீட்டர், பார்க்க ராக்கெட் மாதிரி இருக்கும். கணக்குப் போடுவோம். 14.4 வோல்ட்லேருந்து 12-க்கு இறங்கறதுக்குள்ள அது கொடுக்கக் கூடிய ஆற்றல் கிட்டத்தட்ட 32 ஜூல். ஆம்ப் 500 வாட்ஸ் இழுத்தா அது எத்தனை நேரம் தாங்கும்? 0.06 செகண்ட். ஒரு நொடியில பதினாறுல ஒரு பங்கு! அப்புறம் அந்தக் கெப்பாசிட்டரையும் யாராவது சார்ஜ் பண்ணணும். யாரு? அதே ஆல்டர்னேட்டர்.

ஆல்டர்னேட்டர் மாசச் சம்பளம். பேட்டரி சேமிப்புக் கணக்கு. கெப்பாசிட்டர் சட்டைப் பையில இருக்கற சில்லறை. சம்பளத்தை விடச் செலவு அதிகம்னா சில்லறை காப்பாத்துமா? சின்னக் கார்கள்ல ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 60-லிருந்து 90 ஆம்பியர். அதுலயே ஏசி ஃபேன், ஹெட்லைட், இன்ஜின் எல்லாம் ஓடணும். முதல்ல பேட்டரி முனையில அளங்க. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரணும். (இப்ப வர்ற சில கார்கள்ல பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரையே கம்ப்யூட்டர் ஏத்தி இறக்கும், அதுல கொஞ்சம் கீழே போகும்.) அப்புறம் வயரை அளங்க. 8-ம் நம்பர் செம்பு வயர் அஞ்சு மீட்டர்னா, 50 ஆம்பியர்ல அரை வோல்ட் வயர்லயே போயிடும். செம்புன்னு சொல்லி வித்தது உள்ளே அலுமினியம், மேலே செம்பு முலாம்னா இன்னும் ஒண்ணரை மடங்கு போகும். பிளேடால ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்க. வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். கெப்பாசிட்டர் வாங்கற காசுல நல்ல வயர் வாங்கலாம்.

*

ஊஃபர் நிஜமாவே எரியற கேஸும் நிறைய இருக்கு. ஆனா எரிச்சது யாருன்னு கேட்டா, அங்கேயும் ஒரு பொய் நிக்குது. பெட்டி மேல போட்டிருக்கற ‘2000 வாட்ஸ்’.

ஆடிட் பண்ணலாம் வாங்க. ஆம்ப்ல ஒரு ஃபியூஸ் செருகியிருக்கும், அதுல எண் இருக்கும். 25-ன்னு வச்சுக்குவோம். 25-ஐ 14.4-ஆல பெருக்கினா 360. உள்ளே போறதே 360 வாட்ஸ். கிளாஸ் ஏபி ஆம்ப்னா அதுல கிட்டத்தட்ட 60 சதவீதம் வெளியே வரும், மிச்சம் சூடு. ஆக 216. கிளாஸ் டின்னா 80 சதவீதம், 288. ஃபியூஸ் கொஞ்ச நேரம் கூடுதலா தாங்கும்தான். அதுக்காக இருநூத்துச் சொச்சம் இரண்டாயிரம் ஆகுமா? வரவு 360 ரூபா இருக்கற ஆள் 2,000 ரூபா செலவு பண்றேன்னா இன்கம் டாக்ஸ்காரன் விடுவானா?

அமெரிக்காவுல வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு 1974-லயே வாட்ஸை எப்படிச் சொல்லணும்னு அரசு விதி வந்துச்சு. கார் ஆம்புக்கு அது பொருந்தல. 2003-ல்தான் அங்கே தொழில்துறை சங்கம் சிஇஏ-2006-ன்னு ஒரு தர அளவு கொண்டு வந்துச்சு. 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல சிதையாத சத்தம், இதுல வர்ற ஆர்.எம்.எஸ் வாட்ஸைத்தான் எழுதணும். இப்ப அதோட பேர் சிடிஏ-2006. ஆனா அது கட்டாயம் இல்ல, விருப்பம். விருப்பம் இல்லாதவங்க இஷ்டத்துக்குச் சைபர் சேர்த்துக்கறாங்க.

இந்தச் சைபர் எப்படி ஊஃபரை எரிக்குது? ‘2000 வாட்ஸ்’னு நம்பி வாங்கினவன், என்னடா அடியே இல்லையேன்னு கெயினை முழுசா திருகுவான். கெயின் வால்யூம் இல்ல மக்கா. ஸ்டீரியோ தர்ற சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தறதுக்கான திருகு. அதிகமா திருகினா அலையோட தலை வெட்டுப்படும், கிளிப்பிங். முழுசா தட்டையா வெட்டுப்பட்ட அலை, அதே உயரத்துல இருக்கற சுத்தமான அலையை விட ரெண்டு மடங்கு சக்தியைக் காயிலுக்குள்ள தள்ளும். காயில் கருகும். "மட்டமான ஊஃபர்"னு பேர் வரும். அடுத்த ஊஃபர் விக்கும்.

கெயின் வைக்கறதுக்கும் அதே 250 ரூபா மீட்டர் போதும். ஊஃபரைக் கழட்டிடுங்க. ஆம்போட நிஜமான ஆர்.எம்.எஸ் வாட்ஸையும் ஊஃபரோட ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 200 வாட்ஸ், 4 ஓம்னா 800, வர்க்கமூலம் 28.3. பேஸ் பூஸ்ட் எல்லாத்தையும் பூஜ்யத்துல வச்சு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பாகம் ஏத்தி, 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, மீட்டரை ஏசி 200 வோல்ட்ல ஆம்ப் ஸ்பீக்கர் முனையில வைங்க. 28 வர்ற வரைக்கும் கெயினைத் திருகி நிறுத்துங்க. முடிஞ்சுது. மாட்டிக் கொடுக்கற கடையில இதைச் செய்ய பத்து நிமிஷம் ஆகும். ஏன் செய்யறதில்ல?

*

இந்தக் கேள்விக்குத்தான் நேர்மையா பதில் சொல்லணும். இது வரைக்கும் கடைக்காரரைத் திட்டினதுக்குக் கை தட்டின எல்லாரும் இப்ப கொஞ்சம் உக்காருங்க.

அந்தக் கடையில வேலை செய்யற தம்பி பெரும்பாலும் நம்ம வயசுதான். டிக்கிக்குள்ள தலையை விட்டு, வேர்வை சொட்டச் சொட்ட வயர் இழுக்கறான். அவன் அரை மணி நேரம் மீட்டர் வச்சு அளந்து, "சார், ஆம்ப் நல்லாத்தான் இருக்கு, எர்த்தான் லூஸ், சரி பண்ணிட்டேன், 400 ரூபா கொடுங்க"ன்னா நாம என்ன சொல்வோம்? "ஒரு ஸ்க்ரூ முடுக்கினதுக்கு நானூறா? கொள்ளையா இருக்கே!" இதே நாமதான் புது ஆம்புக்கு 6,800 ரூபாயைப் பேரம் பேசி 6,500 ஆக்கிட்டோம்னு சந்தோஷமா எடுத்துக் கொடுத்துட்டு வர்றோம்.

பொருளுக்குக் காசு கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். கண்ணுக்குத் தெரியற பெட்டி வேணும் நமக்கு. அப்ப கடைக்காரர் என்ன பண்ணுவார்? வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாத்தையும் பொருளோட மார்ஜின்லதான் எடுக்கணும். நேர்மையா அளந்து சொல்ற கடைக்கு 400 கூட வராது, "போச்சு"ன்னு சொல்ற கடைக்கு ஆயிரக்கணக்குல வரும். கொஞ்ச நாள்ல எந்தக் கடை மிச்சம் இருக்கும்? அகர்லாஃப் சொன்னது இதுதான். நல்லவனை நாமதான் சந்தையை விட்டுத் துரத்தறோம்.

இதை உடைக்க வழி இருக்கு. நோய் பார்க்கறதையும் மருந்து விக்கறதையும் பிரிக்கணும். கடைக்குள்ள போனதும் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "அண்ணே, என்ன கோளாறுன்னு அளந்து பாருங்க. அதுக்குன்னு 400 ரூபா தனியா தர்றேன், எதையும் மாத்தினாலும் சரி, மாத்தாட்டியும் சரி." இந்த ஒரு வாக்கியம் கடைக்காரரோட கணக்கையே மாத்திடும். உண்மை சொன்னாலும் அவருக்கு நஷ்டம் இல்லைங்கற நிலைமை வந்துடும்.

அப்புறம், அளந்த எண்களைப் பில்லுக்குப் பின்னாடி எழுதித் தரச் சொல்லுங்க. ஆம்ப் ப்ளஸ் இத்தனை, ரிமோட் இத்தனை, ஊஃபர் இத்தனை ஓம். பழைய பொருளைக் கையோட வாங்கிட்டு வாங்க. அது உங்க சொத்து. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளோட தரம், அளவு, விலை பத்தின தகவலைத் தெரிஞ்சுக்கறது நம்ம உரிமைன்னு சொல்லுது. நான் கோர்ட்டுக்குப் போங்கன்னு சொல்லல. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்கன்னு சொல்றேன்.

"போடா, ஏழாயிரம் ரூபா விஷயத்துக்கு இவ்ளோ பெரிய பதிவா"ன்னு ஒருத்தர் கேக்கலாம். ஏழாயிரம் சிலருக்குச் சின்னதா இருக்கலாம். எங்க மாமாவுக்கு அது ஒரு வார லாபம். அதை விட முக்கியம், அளக்காத இடத்துல பணம் மட்டும் போகறதில்ல. பேட்டரியிலேருந்து டிக்கி வரைக்கும் போற வயருக்கு ஃபியூஸ் எங்கேன்னு உங்க கார்ல போய்ப் பாருங்க. அது பேட்டரியிலேருந்து ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாத்த இல்ல, வயரைக் காப்பாத்த. ஃபியூஸ் இல்லாத வயர் எங்கேயாவது தோல் உரிஞ்சு பாடியில பட்டா, பேட்டரி தன்கிட்ட இருக்கற நூத்துக்கணக்கான ஆம்பியரையும் அதுல கொட்டும். வயர் தீப்பிடிக்கும். அது போறது சீட்டுக்கு அடியில. அந்தச் சீட்ல குழந்தை தூங்கிட்டு இருக்கலாம். "ஃபியூஸ் அடிக்கடி போகுது சார், நேரா கொடுத்துட்டேன்"னு சொல்ற கடையில ஒரு நிமிஷம் கூட நிக்காதீங்க. ஃபியூஸ் போறது தகவல். தகவலைக் கேக்காம வாயைக் கட்டறவன்கிட்ட காரைக் கொடுக்கக் கூடாது.

ஆக, அடுத்த தடவை யாராவது டிக்கிக்குள்ள எட்டிப் பார்த்துட்டு "ஆம்ப் போச்சு சார்"னா, சண்டை போடாதீங்க. சிரிச்சுக்கிட்டே ஒரே கேள்வி கேளுங்க.

"எத்தனை வோல்ட் வருதுண்ணே?"

எண் வந்தா பர்ஸை எடுங்க. வரலைன்னா வண்டியை எடுங்க.

பி.கு: மீட்டர் வாங்கற மக்கள் கவனத்துக்கு. சிவப்பு முனையை 10 ஆம்பியர் ஓட்டையில செருகி வச்சுக்கிட்டு பேட்டரியைத் தொடாதீங்க, அது நேரா ஷார்ட். வோல்ட்டும் ஓமும் மட்டும் அளந்தா போதும். ஓம் அளக்கும்போது வயர் கழட்டியிருக்கணும், வோல்ட் அளக்கும்போது மாட்டியிருக்கணும். இந்த ரெண்டு வரியை மட்டும் செவுத்துல எழுதி ஒட்டிக்கோங்க.